மூன்றாம் வகுப்பு 'ஆ' பிரிவில் ஒரு டெமோ கிளாஸ்

பாபநாசத்தில் தனியார் பள்ளிக்கூடத்து வேலைக்குப் போகிறவர்கள் முதலில் ஒரு டெமோ கிளாஸ் எடுத்துக் காட்ட வேண்டும். நிஜமான பிள்ளைகள், நிஜமான கரும்பலகை, கடைசி பெஞ்சுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் தாளாளர் உட்கார்ந்திருப்பார். பாடம் முடிந்ததும் அவர் எழுந்து நின்று, "மிஸ் சொன்னது எல்லாருக்கும் புரிஞ்சுதா?" என்று கேட்பார். பிள்ளைகள் "புரிஞ்சுது சார்" என்று கத்த வேண்டும். கூரை எவ்வளவு அதிர்கிறதோ அவ்வளவு நல்ல டீச்சர்.

இதை எனக்குச் சொன்னவள் என் தங்கை. நான் டெமோ எடுக்கப்போன பள்ளியிலிருந்து இரண்டு தெரு தள்ளி வேறொரு பள்ளியில் அவள் தமிழ் நடத்துகிறாள்.

"அக்கா, நீ என்ன நடத்துற, எப்படி நடத்துறங்கறதெல்லாம் ஒருத்தரும் பாக்கமாட்டாங்க. கடைசில அந்தச் சத்தம். அதான் மார்க்கு. உள்ள போனதுமே புள்ளைங்கள உன் பக்கம் இழுத்துக்க. சாக்லேட் வேணா வச்சிக்க."

"சாக்லேட்டா? லஞ்சமாடி?"

"மெட்ராஸ்ல இருந்து இருந்து நீ கெட்டுப்போயிட்ட. இதுக்குப் பேரு மோட்டிவேஷன்."

சிரிப்பு வர வேண்டிய இடம் அது. வந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். அந்த வருஷம் முழுக்க எனக்கு அப்படித்தான் இருந்தது. பல் மருத்துவர் ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்குமே, தொட்டால் விரலுக்குக் கன்னம் தெரியும், கன்னத்துக்கு விரல் தெரியாது, அப்படி. முதலில் என் கணவர் போனார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வரவில்லை. அப்புறம் வேலை போனது. நான் சாப்ட்வேர் சோதிக்கிறவள். பிறர் எழுதிய நிரலை எல்லாப் பக்கமும் தட்டிப் பார்த்து, எங்கே உடைகிறது என்று சொல்கிறவள். சென்னையில் என் பாதி ஆயுள் அந்தத் தட்டலில் கழிந்தது. கம்பெனி ஒரு டூல் வாங்கியது. எங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் நாங்களே உட்கார்ந்து அதற்குச் சொல்லிக்கொடுத்தோம். அது கற்றுக்கொண்டது. பிறகு எங்களைக் கூப்பிட்டு நன்றி சொன்னார்கள். கேக் வெட்டினார்கள் என்றுகூட ஞாபகம். சாப்பிட்டேனா என்பது ஞாபகம் இல்லை.

மகளைக் கூட்டிக்கொண்டு தங்கை வீட்டுக்கு வந்தேன். எங்கள் அம்மா நடவு நட்ட வயல்களுக்கு நடுவே ஓடும் சாலையில், ஒரு வயலைத் தூர்த்துக் கட்டிய அந்தப் பள்ளியில், மகளை மூன்றாம் வகுப்பில் சேர்த்தேன். அதே பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர் வேண்டும் என்றார்கள்.

முன்னால் இருந்தது இரண்டே வழி. ஒன்று இந்தப் பள்ளி. இன்னொன்று சிங்கப்பூரில் இரண்டு வருஷ ஒப்பந்தம், அதே சோதிக்கிற வேலை. அந்த விசாவில் பிள்ளையை அழைத்துப் போக முடியாது. பள்ளி கிடைத்தால் நானும் மகளும் ஒரே வீட்டில் இருப்போம். கிடைக்காவிட்டால் அவள் சித்தியோடு இருப்பாள், நான் விமானம் ஏறுவேன். இது மகளுக்கும் தெரியும். இரண்டு அறை வீட்டில் எதை மறைத்து எங்கே வைப்பது?

நான் கல்லூரி முடித்த காலத்தில் கும்பகோணத்தில் தெருவுக்குத் தெரு கம்ப்யூட்டர் சென்டர் முளைத்துக்கொண்டிருந்தது. எங்கள் தெருவில் பையன்கள் பாஸ்போர்ட் எடுத்து துபாய்க்கும் மஸ்கட்டுக்கும் போனார்கள். நான் சான்றிதழ் வாங்கிச் சென்னைக்குப் போனேன். கூலி வேலை பார்த்த தெருவிலிருந்து கிளம்புவது என்பதுதான் அப்போது எல்லாருக்கும் தெரிந்த ஒரே சந்தோஷம். அதனால் சிங்கப்பூர் என்றதும் சொந்தக்காரர்கள் யாரும் வருத்தப்படவில்லை. "நல்ல சேதிதானே," என்றார்கள். நல்ல சேதிதான்.

டெமோ அன்று காலையில் தலை பின்னிக்கொள்ளும்போது மகள் கேட்டாள். "எங்க கிளாஸுக்கா வர்ற?"

"ஆமா. தேர்ட் 'ஆ'ன்னு சொன்னாங்க."

"நான் உன்ன மிஸ்ஸுன்னு கூப்புடணுமா?"

"இன்னிக்கு மட்டும்."

"வேலை கெடச்சா தெனமுமா?"

"ஆமா."

"பரவால்ல," என்றாள். "கூப்புட்டுக்கறேன்."

தாளாளர் மோசமான மனிதர் இல்லை. அறைக்குள் வரும்போதே, "பாடப்புத்தகம்லாம் வேணாங்க. கம்பெனில என்ன செஞ்சீங்களோ அதையே புள்ளைங்களுக்குச் சொல்லுங்க. இதுங்களுக்குப் புரிஞ்சா அப்பா அம்மாவுக்கும் புரியும்," என்று சொல்லிவிட்டு பிளாஸ்டிக் நாற்காலிக்குப் போனார்.

கரும்பலகையில் 'டெஸ்டிங் டூல்' என்று எழுதினேன். பிள்ளைகள் அதைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். எட்டு வயதுக்கு இதை எங்கிருந்து தொடங்குவது? வலது பக்க ஜன்னலில் வயல் தெரிந்தது. குறுவைக்கு நாற்று விட்டிருந்தார்கள். நாற்றங்காலுக்கு அப்பால் ஒரு மோட்டார் கொட்டகை. அதன் வாசலில் பட்டப்பகலில் ஒரு குண்டு பல்பு எரிந்துகொண்டிருந்தது.

"அந்த பல்பு ஏன் பகல்ல எரியுது?"

முன் பெஞ்சில் முழங்காலில் பிளாஸ்திரி ஒட்டிய ஒரு பையன் துள்ளி எழுந்தான். "அது எங்க பெரியப்பா கொட்டா மிஸ்! த்ரீ ஃபேஸ் கரண்டு வந்தா எரியும். வீட்டு மாடியிலேருந்து பாத்துட்டுத்தான் மோட்டார் போடப் போவாங்க."

"பல்பு இல்லன்னா?"

"சும்மா சும்மா வரப்புல நடந்துபோயிப் பாக்கணும். கரண்டு இல்லன்னா திட்டிக்கிட்டே வருவாங்க."

"யார?"

"ஈ.பி.காரங்கள. என்ன திட்டுன்னு சொல்லட்டா?"

"வேணாம். உக்காரு."

வகுப்பு சிரித்தது. தாளாளரும் சிரித்தார்.

"அந்த பல்புதான் டூல்," என்றேன். "பெரியப்பா நடந்துபோய்ப் பாக்குற வேலைய பல்பு செய்யுது. நான் பெரியப்பா மாதிரி. கம்ப்யூட்டருக்குள்ள வரப்பு வரப்பா நடந்துபோய், இங்க சரியா இருக்கா, அங்க சரியா இருக்கான்னு பாத்துக்கிட்டு இருந்தேன். சரி. பல்பு எரியுது. மோட்டார் போட்டாச்சு. தண்ணி வரல. அப்ப?"

"காயில் போயிருக்கும்!"

"எலி ஒயர கடிச்சிருக்கும்!"

"தண்ணி கீழ எறங்கிருக்கும் மிஸ். எங்க வீட்ல அப்டித்தான்."

"அப்ப பல்பு பொய் சொல்லுதா?"

சத்தம் நின்றது. மூன்றாம் பெஞ்சில் வெள்ளை முக்காடு போட்ட ஒரு சிறுமி, கையைத் தூக்கவும் மறந்து, தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னாள். "பல்புகிட்ட கரண்டு இருக்கான்னுதான கேட்டோம். தண்ணி இருக்கான்னு கேக்கலல்ல."

அருமையான பதில். உடம்பு சிலிர்க்க வேண்டிய பதில். தெரிந்தது; ஆனால் கடந்து போகும் ரயிலிலிருந்து ஒரு ஸ்டேஷனின் பெயர்ப்பலகையைப் படிப்பதுபோலத்தான் தெரிந்தது.

அந்தச் சிறுமிக்கு இப்போது பேச்சு வந்துவிட்டது. "மிஸ், எங்க அத்தா குவைத்துலேருந்து வீடியோ கால் போட்டா, மொதல்ல 'கேக்குதா, தெரியுதா'ன்னு கேப்பாங்க. அதும் டெஸ்டிங்கா?"

"அதுவும்தான்."

"தெரியலன்னு சொன்னா கட் பண்ணிட்டு மறுபடி போடுவாங்க. ஒரு நாள் என் தம்பி தெரிஞ்சும் தெரியல தெரியலன்னே சொல்லிட்டு இருந்தான். அத்தா போட்டுப் போட்டுப் பாத்தாங்க."

"ஏன் அப்படிச் சொன்னான்?"

"அப்பதான மறுபடி மறுபடி கூப்புடுவாங்க."

யாரும் சிரிக்கவில்லை. என் மகள் அதுவரை பெஞ்சில் ஸ்கேலால் கீறிக்கொண்டிருந்தவள், நிமிர்ந்து அந்தச் சிறுமியைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

பிறகு ஒரு விளையாட்டு வைத்தேன். பிளாஸ்திரிப் பையன்தான் கூட்டல் மெஷின். அவனை என் மேசைக்கு அடியில் உட்கார வைத்தேன். கேள்வி கேட்டால் மேசைக்குள்ளிருந்து பதில் வரும். முதல் வரிசைப் பிள்ளைகள் டூல். ஆளுக்கொரு கேள்வி, ஒவ்வொரு சுற்றிலும் அதே கேள்வி, அதே வரிசை. ரெண்டும் மூணும்? அஞ்சு. நாலும் நாலும்? எட்டு. ஒன்பதும் எட்டும்? மேசைக்குள் நீண்ட அமைதி, அப்புறம் "பதினாறு." "தப்பு!" என்று வரிசையே பாய்ந்தது. நான் குனிந்து அவன் காதில் பதினேழு என்று சொன்னேன். மெஷினைப் பழுது பார்த்தாயிற்று என்று அறிவித்தேன். அடுத்த சுற்றில் பதினேழைச் சரியாகச் சொன்னான். அந்தப் பூரிப்பில் ரெண்டும் மூணும் ஆறு என்றான்.

"பாத்தீங்களா? ஒண்ண சரி பண்ணா இன்னொண்ணு கெட்டுப்போச்சு. ஒரு வயலுக்கு மடை தொறந்து விட்டுட்டு வீட்டுக்கு வந்துட முடியுமா? பக்கத்து வயல்ல வரப்பு ஒடஞ்சிருக்கான்னும் பாக்கணும்ல? அதனாலதான் டூல் பழைய கேள்வியையும் மறுபடி கேக்குது. தெனமும் கேக்கும்."

"தெனமுமா? போர் அடிக்காதா மிஸ்?" மேசைக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

"டூலுக்குப் போர் அடிக்காது."

"ஒங்களுக்கு?"

"எனக்கு அடிக்கும்."

தலை வெளியே வந்தது. "அதான் ஒங்கள அனுப்பிட்டாங்களா?"

கடைசி பெஞ்சுக்குப் பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது. பிள்ளைகள் பதிலுக்காகக் காத்திருந்தார்கள். கேலியில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினார்கள்.

"ஆமா," என்றேன். "பல்பு போட்டாச்சு. இனிமே யாரும் நடக்க வேண்டியதில்லன்னு சொல்லிட்டாங்க."

அவன் கொஞ்சம் யோசித்தான். "எங்க பெரியப்பாவ யாரும் அனுப்பமாட்டாங்க. அவருதான் ஓனரு."

"நீ மேசைக்குள்ள போ."

தாளாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முடிக்கச் சொல்லும் பார்வை. நானும் முடிக்கத்தான் வாயைத் திறந்தேன். "எல்லாருக்கும் புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது மிஸ்ஸ்ஸ்!"

நல்ல சத்தம். நாற்றங்காலிலிருந்து ஒரு கொக்கு எழுந்து போனது. தாளாளர் மெல்லத் தலையாட்டினார். என் மகள் சத்தம் அடங்கும் முன் அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தலையாட்டியதைப் பார்த்தாள். முன்னால் திரும்பியபோது அவள் வாய் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தது. அங்கே நிறுத்தியிருந்தால் வேலை கையில். இது எனக்கு அப்போதே தெரியும்.

ஆனால் இரண்டாம் பெஞ்சின் ஓரத்தில் ஒருவன் இருந்தான். பென்சில் சீவிய தூளைப் பக்கத்துப் பையனின் டிபன் பைக்குள் ஒவ்வொரு சிட்டிகையாகப் போட்டபடியே, தலையைக்கூடத் திருப்பாமல், எல்லாரையும்விடச் சத்தமாகப் புரிந்தது என்று கத்தினான். நான் பிறர் எழுதியதைத் தட்டித் தட்டிப் பார்த்தே வயதானவள். தைரியம், கொள்கை என்றெல்லாம் சொல்ல ஒன்றுமில்லை. கை தானாகப் போனது.

"என்ன புரிஞ்சுது?" என்று அவனைக் கேட்டேன்.

அவன் எழுந்தான். சிட்டிகை விரல்களில் அப்படியே இருந்தது. "தெரியல மிஸ்."

"அப்ப ஏன் புரிஞ்சுதுன்ன?"

"எல்லாரும் சொன்னாங்க."

"எத்தன பேரு இவன் மாதிரி சொன்னீங்க? பரவால்ல, சொல்லுங்க."

கைகள் எழவில்லை. கண்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

"கொட்டகைல ஒரு பல்பு இருக்கு. கரண்டு இருந்தாலும் எரியுது, இல்லன்னாலும் எரியுது. அத வச்சு பெரியப்பா என்ன செய்வாரு?"

"கழட்டிடுவாரு," என்றது மேசை.

"நான் புரிஞ்சுதான்னு கேக்குறதும் ஒரு டெஸ்ட். நீங்க எப்பவும் புரிஞ்சுதுன்னே சொன்னா அது அந்த பல்பு. புரியலன்னா புரியலன்னு சொல்லணும்."

"அடிப்பீங்களா?"

"மாட்டேன்."

"முட்டி போட சொல்வீங்களா?"

"இல்ல."

"டைரில எழுதுவீங்களா மிஸ்? அம்மாகிட்ட கையெழுத்து வாங்கிட்டு வரணுமா?"

"வேணாம்."

பெஞ்சு பெஞ்சாக ஒரு கிசுகிசுப்பு ஓடியது. என் மகள் மட்டும் என்னை நேராகப் பார்த்து, தலையை இடமும் வலமும் மிகச் சின்னதாக ஆட்டினாள். வேண்டாம் என்று. அதைப் பார்த்தேன். பார்த்தது உள்ளே போய் எதையாவது தொட வேண்டும். தொடவில்லை. "இப்ப சொல்லுங்க," என்றேன் வகுப்பிடம். "புரிஞ்சுதா?"

முதலில் எங்கோ ஒரு மெல்லிய குரல், "புரியல மிஸ்." இன்னொன்று. வானம் இடிந்து விழவில்லை என்று தெரிந்ததும் எல்லாரும். "புரியல! புரியல!" புரிந்த பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். முக்காடு போட்ட சிறுமி இரண்டு கையையும் வாயருகே குவித்துக் கத்தினாள். பிளாஸ்திரிப் பையன் மேசையை உள்ளிருந்து குத்தினான். பள்ளிக்கூடத்தில் இதுவரை யாரும் கொடுக்காத விடுமுறை ஒன்று கிடைத்த மாதிரி இருந்தது அவர்களுக்கு.

தாளாளர் எழுந்தார். அவருக்கு வேறு வழி தெரியாது. எல்லா டெமோவிலும் செய்வதைத்தான் செய்தார். கையை உயர்த்தி அமைதிப்படுத்தி, "மிஸ் சொன்னது எல்லாருக்கும் புரிஞ்சுதா?" என்று கேட்டார்.

"புரியல சார்ர்ர்!"

அந்தச் சத்தத்துக்கு அடியில், ஒரு பாத்திரம் தண்ணீருக்கடியில் தட்டுப்படுவதுபோல, வேறொரு குரல் கிடந்தது. எல்லாரும் ஓய்ந்த பிறகும் அது ஓயவில்லை. என் மகள் எழுந்து நின்று, கழுத்து நரம்பு தெரியக் கத்திக்கொண்டிருந்தாள்.

"புரிஞ்சுது சார்! மிஸ் சொன்னது புரிஞ்சுது சார்!"

வகுப்பு அவளைத் திரும்பிப் பார்த்தது. அவள் நின்றுகொண்டே இருந்தாள். தாளாளர், "சரிம்மா, உக்காரு," என்றார்.

வராந்தாவில் அவர் மரியாதையாகத்தான் பேசினார். "மேடம், நீங்க பெரிய எடத்துல இருந்தவங்க. நீங்க சொன்னது எனக்கே நல்லா புரிஞ்சுது. ஆனா சாயங்காலம் புள்ள வீட்டுக்குப் போயி, இன்னிக்கு ஸ்கூல்ல புரியலன்னு கத்துனோம்னு சொன்னா, நாளைக்குக் காலைல வாசல்ல யாரு வந்து நிப்பாங்க? நான்தான பதில் சொல்லணும்?"

"ஆமா சார்."

"சொல்லி அனுப்புறோம்."

அந்த ஊரில் சொல்லி அனுப்புகிறோம் என்றால் அது சொல்லியாயிற்று என்று அர்த்தம். வணக்கம் சொல்லிவிட்டு, பள்ளி விடும்வரை கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றேன். பள்ளி வேன்கள் வந்து வரிசையாக நின்றன. ஓட்டுநர் ஒருவர், "யாரையாச்சும் கூப்புட வந்தீங்களாக்கா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

மகள் வந்தாள். பையை என்னிடம் கொடுக்கவில்லை. வாய்க்கால் ஓரமாக நடந்தோம். ஆற்றில் தண்ணீர் விட்டாயிற்று என்று செய்தியில் சொன்னார்கள். எங்கள் வாய்க்காலுக்கு அது இன்னும் வரவில்லை. அதன் தரையில் காய்ந்த பாசி வெடித்துக் கிடந்தது.

"நான் சத்தமாத்தான் சொன்னேன்," என்றாள்.

"கேட்டுச்சு."

"அதுங்க ரொம்ப கத்துச்சுங்க. இல்லன்னா சாருக்கு என் சத்தம் மட்டும் கேட்டிருக்கும்."

"உனக்கு நெஜமாவே புரிஞ்சுதா?"

ஒரு கல்லை வாய்க்காலுக்குள் எத்திவிட்டாள். "பல்பு வரைக்கும் புரிஞ்சுது. அப்பறம் நான் கவனிக்கல. சார் மூஞ்சியவே பாத்துட்டு இருந்தேன்."

நான் நின்றேனா, நடந்துகொண்டே இருந்தேனா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. ஒரு டிராக்டர் எங்களைக் கடந்து போனது. அதன் பின்னால் கலப்பைக் கொத்திலிருந்து காய்ந்த சேறு சாலையில் உதிர்ந்துகொண்டே போனது.

"அந்த கடைசி கேள்விய ஏன்மா கேட்ட? அவர்தான் தலைய ஆட்டிட்டாரே."

"அந்தப் பையன் கவனிக்கவே இல்ல. ஆனா புரிஞ்சுதுன்னான்."

"அவன் எப்பவும் அப்டித்தான்," என்றாள் அலுப்பாக. "எல்லாருக்கும் தெரியும்."

வீட்டில் தங்கை என் முகத்தைப் பார்த்துவிட்டு எதுவும் கேட்காமல் காபி போட்டாள். மகள் சீருடையைக்கூட மாற்றாமல் தரையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதத் தொடங்கினாள். வெயில் இறங்குவதற்குள் சிங்கப்பூர் ஏஜென்ட்டுக்குப் போன் போட்டேன். அவர் என் அழைப்புக்காகக் காத்திருந்தவர்போல உடனே எடுத்தார். பாஸ்போர்ட் இன்னும் எத்தனை காலம் செல்லும், மருத்துவப் பரிசோதனைக்குத் திருச்சி வர முடியுமா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். என் குரல் நன்றாகவே இருந்தது.

"குடும்பம்லாம் மேடம்?"

"ஒரு பொண்ணு. தங்கச்சி வீட்ல இருப்பா."

"பாப்பாவுக்கு ஓகேதான மேடம்? சில பேரு டிக்கெட் போட்டப்பறம் புள்ள அழுவுதுன்னு கேன்சல் பண்றாங்க. அதான் கேட்டுக்கறது."

போனைக் காதிலிருந்து எடுத்தேன். "உனக்கு ஓகேவான்னு கேக்குறாரு."

அவள் எழுதுவதை நிறுத்தவில்லை. அந்த வரியை முடித்தாள். அடுத்த வரிக்கு மார்ஜினிலிருந்து ஒரு விரல் இடம் விட்டாள்.

"இல்லன்னு சொல்லு," என்றாள்.

அடுப்படியில் தங்கையின் கை நின்றது. நான் போனைக் காதில் வைத்து, "இல்லங்குறா," என்றேன்.

ஏஜென்ட் சிரித்தார். பிள்ளைகள் அப்படித்தான் மேடம், போய் ஒரு சாக்லேட் பார்சல் அனுப்பினால் சரியாகிவிடும் என்றார். பிறகு திருச்சிக்கு வர வேண்டிய நாளைச் சொன்னார். எழுதிக்கொள்ள ஒன்றும் அகப்படவில்லை. மகள் தன் பென்சிலை என் பக்கம் நீட்டினாள். நான் எழுதி முடிக்கும்வரை கையை நீட்டியபடியே இருந்தாள், திருப்பி வாங்கிக்கொள்ள.